கரிச்சான் பிரித்த கட்டளை

ஒரு காட்டில் குளம் ஒன்று இருந்தது. அதன் மேற்குக் கரையடியில் துள்ளி என்ற முயல், கண் திறக்காத குட்டிகளோடு வளையில் வாழ்ந்தது.

மழைக்காலம்தோறும் கிழக்குக் கரைதான் உடையும். அதனால் தலைவனான மத்தகன் என்ற யானை, எல்லா விலங்குகளுக்கும் ஒரே கட்டளையைப் பழக்கியிருந்தது. அது பிளிறினால் போதும், அத்தனையும் கிழக்கே ஓடும். முதலில் கல், பிறகு மண், கடைசியில் தழை. தூக்கத்தில் எழுப்பினாலும் தப்பாது!

நீலன் என்ற கரிச்சான் குருவிக்கு இது சரியாகப் படவில்லை.

"தலைவரே! கல்லுக்கு ஒரு குரல், மண்ணுக்கு ஒரு குரல், தழைக்கு ஒரு குரல் என்று பிரித்துவிடுவோம். எது முதலில், எந்தக் கரைக்கு என்பதை அந்தந்த நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம்!"

"உடையாத கரைக்கு எதற்கடா கட்டளை? உனக்கு வால்தான் நீளம் என்று நினைத்தேன், நாக்கும் நீளம்!" என்று யானை சிரித்தது.

நீலன் கோபித்துக்கொள்ளவில்லை. குரங்குகளையும் பன்றிகளையும் கூட்டி, விளையாட்டுப் போல அந்தக் குரல்களைப் பழக்கியது. பொழுது போகட்டும் என்று யானையும் சேர்ந்துகொண்டது.

அந்த ஐப்பசி அடைமழையில் மேற்குக் கரையில் ஓட்டை விழுந்தது. தண்ணீர் துள்ளியின் வளை வாசலுக்கே வந்துவிட்டது. ஒரு குட்டியைக் கவ்வி ஓடினால் மற்றவை மூழ்கிவிடுமே!

"ஐயோ, கரை உடைகிறது!" என்று துள்ளி அலறியது.

யானை பிளிறியது. பழக்கதோஷம் யாரை விட்டது? எல்லாம் கிழக்கே ஓடின!

"மேற்கே!" என்று உச்சிக்கிளையிலிருந்து நீலன் கூவியது. "சின்ன ஓட்டைதான், கல் நுழையாது! தழை முதலில்! அடுத்து மண்! கல் கடைசியில்!"

குரங்குகள் சட்டென்று திரும்பின. தழையை ஓட்டையில் திணித்தன. பன்றிகள் மண்ணைத் தள்ளின. யானை மூச்சிரைக்க வந்து கல்லை வைத்தது. தண்ணீர் நின்றது.

துள்ளி குட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தது. ஒன்றும் குறையவில்லை. அதற்கு அழுகையே வந்துவிட்டது.

"நீலா, என் வயிற்றில் பாலை வார்த்தாய்! உனக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?"

"நான் கூவினேன், அவ்வளவுதான் அக்கா. பாடுபட்டது அவர்கள்!"

யானை துதிக்கையைத் தாழ்த்தியது. "நான் எல்லோரையும் தப்பான கரைக்கு விரட்டினேன். நீ திருப்பிவிட்டாய். ரொம்ப நன்றி தம்பி!"

மறுநாள் விடிந்ததும் துள்ளி நீலனுக்காகப் புல்வெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. வெட்டுக்கிளிகள் கிளம்பிப் பறந்தன. நீலன் வயிறாரப் பிடித்துத் தின்றது. அன்றிலிருந்து துள்ளி ஒருநாளும் தவறவில்லை. குட்டிகள் வளர்ந்தபின் அவையும் கூடவே ஓடின.

வேலையைப் பிரித்துப் பழகி, சமயத்துக்கு ஏற்றபடி மாற்றத் தெரிந்தவரே ஆபத்தில் கைகொடுப்பார். அவர் செய்த நன்றியை ஒருநாளும் மறக்கக் கூடாது.