தும்மலுக்கு விழுந்த பலாப்பழம்

மலையடிவாரத்துக் காடு ஒன்றில், குழந்தைகளே, ஒரு பெரிய பலாமரம் இருந்தது. பழம் பழுத்தால் கரடிதான் ஏறிப் பறித்துப் போடும். மற்ற விலங்குகள் கீழே உட்கார்ந்து தின்னும். வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடும்.

ஒருநாள் அந்த மரத்தடியில் முயல் புல் மேய்ந்துகொண்டிருந்தது. புல்லின் பூந்தூள் மூக்கில் ஏறிவிட்டது. "அச்!" என்று தும்மியது. அதே நொடியில் மேலிருந்து ஒரு பழம் பொத்தென்று விழுந்து பிளந்தது.

"பார்த்தீர்களா! முயல் தும்மினால் பழம் விழுகிறது!" என்று கத்தியது மான்.

"ஐயோ, எனக்கு மூக்கு அரித்தது, அவ்வளவுதான்! பழம் கனிந்திருந்தது, விழுந்துவிட்டது" என்றது முயல்.

யார் கேட்டார்கள்? மான் காட்டுப் பூக்களை மாலையாகக் கட்டி முயலின் கழுத்தில் போட்டது. முள்ளம்பன்றி பெரிய சுளையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தது.

கரடிக்கு வயிறு எரிந்தது. "எத்தனை வருஷமாக ஏறிப் பறித்துப் போடுகிறேன்! எனக்கு யாராவது ஒரு பூ கொடுத்ததுண்டா? மூக்கு ஒழுகினவனுக்கு மாலையாம், மாலை!"

மறுநாள் முதல் கரடி மரம் ஏறவில்லை. கீழே நின்று, புல்லை மூக்கில் நுழைத்து நுழைத்துத் தும்மியது. "ஹச்! ஹச்!" ஓர் இலைகூட அசையவில்லை. மூக்குதான் வீங்கியது. மேலே பழங்கள் கமகமவென்று மணத்தன. கீழே கரடியின் வயிறு ஒட்டிப்போனது.

முயலுக்குப் பாவமாக இருந்தது. "கரடி அண்ணே, உங்களுக்குத்தான் ஏறத் தெரியுமே! பறித்துச் சாப்பிடுங்களேன்."

"சும்மா இரு! ஏறிப் பறித்தால் யார் மாலை போடுவார்கள்?" என்று சீறிய கரடி, மூச்சை முழுக்க இழுத்து ஒரு தும்மல் போட்டது.

அப்போது பார்த்து, நன்றாகக் கனிந்த பழம் ஒன்று காம்பை விட்டு நேராக அதன் பிடரியில் விழுந்தது. கரடி குப்புறச் சாய்ந்தது.

"கரடிக்கும் சக்தி வந்துவிட்டது!" என்று கத்தியது மான்.

எல்லா விலங்குகளும் ஓடிவந்தன. கரடியின் கழுத்தில் மாலை போட்டன. பழத்தைச் சுற்றி உட்கார்ந்தன. கரடி முனகிக்கொண்டே எழுந்தபோது ஒரு சுளைகூட மிச்சமில்லை.

"நாளைக்கும் வந்து தும்முங்கள், அண்ணே!" என்று சொல்லிவிட்டு மான் துள்ளிக்கொண்டு போயிற்று.

கரடி தன் மாலையைக் குனிந்து பார்க்க முயன்றது. வீங்கிய கழுத்து வளையவே இல்லை.

நீதி: பிறருக்குத் தற்செயலாக வந்த பெருமையைக் கண்டு பொறாமைப்படுகிறவன், தன் கையில் உள்ள திறமையையும் பயனற்றதாக்கிவிடுவான்.