பல்மோ திரும்பிப் பார்த்த பலகை

அந்தக் காலத்தில் பனிமலையில் வாயில்லாதது என்று எதுவும் கிடையாது. நரி பேசும், கவரிமா பேசும், மரம் பேசும். ஒரு சரிவில் இறங்கி முடிப்பதற்குள் வழியில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் நலம் சொல்லி, நலம் கேட்டு, அவர்கள் வீட்டுச் சண்டைக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். வேலை ஓடாது. ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. இப்போது அந்த மலைக்குப் போனால் காற்று மட்டும்தான் இரைகிறது.

அங்கே மனிதர்கள் காலில் பலகை கட்டிக்கொண்டு பனியில் சறுக்கிப் போவார்கள். பலகையை யாரும் செதுக்குவதில்லை. ஊருக்கு மேலே பட்டை வெள்ளையாக உரிந்து தொங்கும் ஒரு கிழட்டுப் பூர்ஜ மரம் நின்றது. அதுதான் கொடுக்கும். ஆளுக்கு ஒரு ஜோடி, ஆயுளுக்கும் அவ்வளவுதான். ஒடித்துக்கொண்டு மறுபடி போய் நின்றால் மரத்துக்குச் செவிடு வந்துவிடும்.

பலகை வாங்க ஒரு முறை உண்டு. முதலில் தட்டைப் பலகையை நட்டமாக நிறுத்தி முகத்தோடு வைத்துப் பார்ப்பார்கள். நெற்றிக்கு எட்டினால் நெடும்பலகை. விறைப்பானது, கணவாய், ஏரி, மலைக்கு அந்தப் பக்கம் என்று எங்கேயும் போகலாம். முகவாய்க்கு எட்டினால் குட்டைப்பலகை. வளைந்து கொடுக்கும், குதிக்கலாம், கவிழலாம், விளையாட்டுக்கு ஆகும். அளவு முடிந்ததும் பலகை மேல் ஏறி, எந்தத் திசையில் போகப் போகிறோமோ அந்தத் திசையைப் பார்த்து, விடிந்ததிலிருந்து உச்சி வெயில் வரை அசையாமல் நிற்க வேண்டும். முகம் பார்க்கிற பக்கத்து நுனியை மரம் மெல்ல மெல்ல மேலே வளைக்கும். அதற்குப் பெயர் மூக்கு. பின்பக்கம் வெட்டிய கட்டையாகவே இருக்கும். நிற்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் என்ன ஆகும் என்று ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒருவரும் பார்த்ததில்லை.

பல்மோ என்ற பெண் மட்டும் வயது வந்து வெகுநாளாகியும் பலகை வாங்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒடித்துப் போட்ட துண்டுப் பலகையை வாரால் கட்டிக்கொண்டு எப்போது பார்த்தாலும் நரிச்சரிவில் கிடப்பாள். ஏதோ ஒரு காலத்தில் மலை உச்சியிலிருந்து உருண்டு வந்த பனி, அங்கே மேடும் பள்ளமுமாகக் குவிந்து கிடந்தது. பெரிய மரங்கள் சாய்ந்து வழுவழுவென்று உறைந்திருந்தன. மேட்டில் ஏறிக் குதிப்பதும் மரத்தின் முதுகில் சறுக்கிப் போவதும்தான் அவள் வேலை. கூட செம்பி. செம்பி என்பது செம்பு நிறத்தில் ஒரு நரி. இரண்டும் சின்ன வயதிலிருந்து ஒன்றாக உருண்டவை. செம்பி கீழே விழுந்தால் தானே சிரிக்கும். அந்தச் சிரிப்பு ஊர்வரை கேட்கும்.

அந்த வருடம் பல்மோவின் அக்கா டோல்கருக்கு முழங்கால் பிசகிவிட்டது. கணவாய்க்கு அப்பால் உப்பேரி என்றொரு உப்பு ஏரி இருந்தது. அவரவர் வீட்டு உப்பை அவரவர் வீட்டு ஆள்தான் சுமந்து வர வேண்டும் என்பது ஊர் வழக்கம். டோல்கர்தான் வருடா வருடம் போவாள்.

"கால் மடங்கவே மாட்டேங்குது பல்மோ. நமக்கு இல்லாட்டியும் பரவாயில்ல, ஆடுங்களுக்கு உப்பு வேணும். இல்லாட்டி இந்தக் குளிரத் தாங்காதுங்க" என்றாள் டோல்கர்.

"போறேங்க்கா. போகமாட்டேன்னு நான் சொன்னேனா?"

"வாய் சொல்லல. மூஞ்சி சொல்லுது."

மூஞ்சி சொன்னது உண்மைதான். கணவாய்க்குப் போக நெடும்பலகை வேண்டும். நெடும்பலகையோடு நரிச்சரிவு மேட்டில் குதித்தால் நடுவில் ஒடிந்துவிடும். வாங்கின நாளோடு விளையாட்டு தீர்ந்தது. பெரியவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் தீர்ந்திருந்தது. அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை.

செம்பியிடம் சொன்னபோது அது பாதத்து ஐஸைக் கடித்து எடுத்துக்கொண்டிருந்தது.

"நெடும்பலகையா?"

"ம்."

"அப்ப இனிமே வரமாட்டே."

"உப்பு இல்லாம ஆடு செத்துப்போயிடும் செம்பி."

"தெரியாமயா கேக்குறேன்? போ. நான் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணமாட்டேன்" என்று சொல்லிவிட்டு நரி மறுபடி பாதத்தைப் பார்த்துக்கொண்டது.

பல்மோ வீடு போகும் வழியெல்லாம் அழுதாள். வழியில் கவரிமா ஒன்று என்ன விஷயம் என்று கேட்டது. குளிர் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் விடியலில் மரத்தடிக்குப் போனாள்.

"நெத்தி வரைக்கும் வேணுமா, முகவாய் வரைக்கும் வேணுமா?" என்று மரம் கேட்டது.

"மூக்கு வரைக்கும்."

"அப்படி ஒரு அளவே இல்ல."

"இருந்தா என்ன?"

"மலைக்கும் பத்தாது, மேட்டுக்கும் பெரிசு. ரெண்டுங்கெட்டான்."

"ரெண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஆகுமில்ல?"

மரம் யோசித்தது. இப்படி யாரும் அதனிடம் பேரம் பேசியதில்லை. "உன் கால், உன் பாடு. ஏறி நில்லு. கணவாயப் பாரு. திரும்பக் கூடாது, ஆமா" என்றது.

பல்மோ ஏறி நின்றாள். எதிரே கணவாய், முதுகுக்குப் பின்னால் நரிச்சரிவு. செம்பி கூப்பிட்டாலும் காதில் விழாததுபோல் நிற்பது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் செம்பி கூப்பிடவே இல்லை. வெயில் ஏற ஏற முன் நுனி வளைந்து நல்ல மூக்காகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்போது பின்னால் 'தொப்' என்று ஒரு சத்தம். செம்பி சரிவில் சாய்ந்து கிடந்த மரத்திலிருந்து வழுக்கி விழுந்திருக்கிறது. எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான். அடுத்து சிரிப்பு வரும் என்று பல்மோ காத்திருந்தாள்.

சிரிப்பு வரவில்லை.

அடிபட்டுவிட்டதோ என்று பதறி அவள் திரும்பினாள். இடுப்பு, தோள், முகம் எல்லாம் திரும்பிவிட்டது. செம்பி மூக்கெல்லாம் பனியாகச் சரிவில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அடிபட்டுச்சா?"

"இல்ல. சிரிக்கத் தோணல, அவ்ளோதான். முன்னாடி பாருடி, மரம் திட்டப்போகுது."

இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடியே கொஞ்ச நேரம் இருந்தன. குதிகாலுக்குப் பின்னால் 'கிறீச்' என்று கேட்ட பிறகுதான் பல்மோ குனிந்து பார்த்தாள். பலகையின் வாலும் மேலே வளைந்திருந்தது.

"எனக்கு முகந்தான் கணக்கு. ரெண்டு பக்கம் பாத்தே, ரெண்டு பக்கமும் மூக்கு வந்துருச்சு. இனிமே நானே நெனச்சாலும் நிமித்த முடியாது" என்றது மரம்.

ஊர் சும்மா விடுமா? உப்புக் கூட்டத்துக்குத் தலைவர் அங்டூ. ஊரில் எல்லோருக்கும் மாமா. உடம்பும் குரலும் பெரிசு. பலகையைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எது தலைம்மா, எது வால்?"

கேலிக்கு மேல் கேலி. வீட்டுக்கு வந்ததும் பலகையைப் பனியில் குத்தி நிறுத்துவது வழக்கம். பல்மோவின் பலகையைக் குத்தினால் நிற்காமல் தடாலென்று விழும். அவள் சறுக்கினால் பின்மூக்கு பனியை வாரி, பின்னால் வருகிறவர் மூஞ்சியில் அடிக்கும். இரண்டு நாள் பனியைத் தின்ற பிறகு, யாரும் இவள் பின்னால் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். "நீ கடைசியா வா" என்றார் அங்டூ.

கடைசியில் போவதில் ஒரு வசதி இருந்தது. யாரும் பார்க்க மாட்டார்கள். உப்பேரிக்குப் புறப்பட்ட அன்று, கணவாய்க்கு முந்தின இறக்கத்தில் பல்மோ சும்மா ஒரு தடவை திரும்பி நின்று பார்த்தாள். பின்மூக்கு பனியில் குத்தவில்லை. மேலே மிதந்து வழுக்கிக்கொண்டு போனது. முகம் நரிச்சரிவைப் பார்த்திருக்க, கால் கணவாய்க்குப் போனது. செம்பி அவளோடு ஓடி வந்தது. நரிகள் தங்கள் எல்லையைத் தாண்டுவதில்லை, அதனால் பாறை ஒடுக்கம் என்ற இடத்தின் அந்தக் கோடியில் நின்றுகொண்டது.

"திரும்பி வர்றப்ப இங்கதான் இருப்பேன்."

"சாப்பிடப் போகமாட்டியா?"

"சாப்பிட்டுட்டு இருப்பேன்."

பாறை ஒடுக்கம் என்பது ஒருபக்கம் செங்குத்துப் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக ஒரு பலகை அகலத்துக்குப் போகும் பாதை. ஊர்ப் பக்கமாகப் பார்த்தால் லேசான ஏற்றம். உப்பு மூட்டைகளோடு திரும்பி வந்தபோது கூட்டம் வரிசையாக அதில் ஏறத் தொடங்கியது. அங்டூ முன்னால், மற்றவர்கள் பின்னால். பல்மோ ஒடுக்கத்தின் வாயிலேயே நின்றுவிட்டாள், ஏனென்றால் செம்பி சொன்னபடி அங்கே இருந்தது. ஊர்க்கதை பேச வாயைத் திறந்த நரி சட்டென்று காதைச் சாய்த்தது. பனிக்கடியில் எலி ஓடுவதையே கேட்கிற காது அது.

"எல்லாரையும் நிக்கச் சொல்லு. அடியில பனி நகருது."

"மாமா, நில்லுங்க. அசையாதீங்க. செம்பிக்குப் பனி நகர்றது கேக்குதாம்" என்று பல்மோ கத்தினாள்.

அங்டூவுக்கு எரிச்சல்தான். ஆனால் நரியின் காதைப் பழிக்கிற அளவுக்கு யாரும் முட்டாள் இல்லை. நின்றார். அவர் பலகை மூக்குக்குக் கொஞ்சம் முன்னால் பாதை அப்படியே பிய்ந்து பள்ளத்தில் இறங்கியது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

முன்னால் வழி இல்லை. பின்னால் வரலாம் என்றால் நெடும்பலகையைத் திருப்ப அங்கே இடம் இல்லை. அப்படியே பின்வாங்கினால் வெட்டுக்கட்டை வால் பனியில் குத்தி நிற்கிறது. பலகையை அவிழ்த்தால் கால் இடுப்பு வரை பனிக்குள் இறங்குகிறது. அத்தனை பேருக்கும் வீட்டில் பிள்ளைகள்.

பல்மோ மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கோலை ஊன்றி உள்ளே ஏறினாள். வரிசையின் கடைசி ஆளிடம், "பலகைய விட்டுடுங்க. என் பலகை மேல எம் முகத்தப் பாத்து நின்னு, தோளப் பிடிச்சுக்கங்க" என்றாள். கோலைத் தூக்கியதும் பலகை வளைந்த வால் முன்னே போகப் பின்பக்கமாகவே வழுக்கி இறங்கியது. ஆனால் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. திரும்பினால் இருவரும் பள்ளத்தில்.

"நீ பின்னாடி பாக்காதே, நான் பாக்குறேன். இடது பக்கம் கொஞ்சம். அவ்ளோதான். நேரா விடு" என்று செம்பி ஒடுக்கத்தின் வாயில் நின்று சொன்னது.

இப்படி ஒவ்வொருவராக மூட்டையோடு இறக்கினாள். ஆள் போன பலகைகளை ஓரமாகச் சாய்த்து வழி செய்துகொண்டு இன்னும் உள்ளே போனாள். கடைசியில் அங்டூ. அவரும் மூட்டையை விட மாட்டேன் என்றார்.

"மாமா, நீங்களே ரெண்டு மூட்டை கனம்" என்றாள் பல்மோ. ஆனாலும் விடச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும், உப்பு இல்லாமல் வீட்டுக்குள் எப்படிக் கால் வைப்பது என்பது. மூச்சு வாங்க வாங்க, செம்பியின் குரலையே பிடித்துக்கொண்டு இறங்கினாள். அங்டூ கீழே கால் வைத்த சற்று நேரத்தில் ஒடுக்கம் முழுவதும் அத்தனை பலகைகளோடும் சரிந்து போனது.

கீழ்ப்பாதையில் இடுப்பளவு பனியில் நீந்தி ஊர் சேர்ந்தார்கள். டோல்கர் உப்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு தங்கையைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் பலகை இல்லாத ஊர் மொத்தமும் மரத்தடியில் போய் நின்றது. மரம் வெகுநேரம் செவிடாக இருந்து பார்த்தது. பல்மோவும் செம்பியும் விடாமல் நச்சரித்ததில் கடைசியில் இறங்கி வந்தது. "சரி, பாதி நேரம் முன்னாடி பாருங்க, பாதி நேரம் பின்னாடி பாருங்க" என்றது.

எல்லோரும் கணவாயைப் பார்த்து நின்றார்கள். பிறகு திரும்பினார்கள். பலகை வாங்கிய நாளுக்குப் பிறகு அவர்களில் பலர் நரிச்சரிவை நின்று பார்த்ததே அன்றைக்குத்தான். உச்சி வெயில் ஆனதும் ஆளாளுக்கு இறங்கிப் போனார்கள். அங்டூ மட்டும் இறங்கவில்லை.

"போதும், வளைஞ்சிருச்சு" என்றது மரம்.

"கொஞ்சம் இருக்கேன்" என்றார் அவர். பிறகு செம்பியைப் பார்க்காமலே கேட்டார். "அந்தப் பெரிய மேட்டுல காது கறுத்த நரி ஒண்ணு இருந்துச்சு. என் கூடத்தான் சுத்தும். அது இப்ப..."

"எங்கம்மாதான். போன குளிர்காலம் போயிடுச்சு. உங்களப் பத்திப் பேசும்."

"நான் பலகை வாங்குன அன்னிக்கு அது என்னைக் கூப்பிடவே இல்ல. கோவம்னு நெனச்சேன்."

"கோவம் இல்ல. கூப்பிட்டா திரும்பிடுவீங்கன்னு தெரியுமாம். உங்க வீட்டுக்கும் உப்பு வேணுமேன்னு வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்துச்சாம்."

அங்டூ புதுப்பலகையைக் கட்டிக்கொண்டு, வெள்ளைத் தாடியோடு, எல்லோரும் பார்க்க அந்தப் பெரிய மேட்டுக்கு ஏறிப் போனார்.

நரிகள் பேச்சை நிறுத்திவிட்டன. மரமும் இப்போது பலகை கொடுப்பதில்லை. ஆனால் முகவாய்க்கும் நெற்றிக்கும் நடுவே எங்கே எட்டினால் நமக்குச் சரி என்று பலகையை முகத்தோடு நிறுத்திப் பார்ப்பதும், அதன் இரண்டு நுனியும் வளைந்திருப்பதும் அன்று தொடங்கியவை. அந்தப் பலகையில் போகிறவர் நல்ல சரிவில் நேராகப் போய்க்கொண்டிருக்கும்போதே சட்டென்று திரும்பி, விட்டு வந்த மேட்டைப் பார்த்தபடி, பின்னால் இருப்பதை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் சறுக்கிப் போவதும் அன்று முதல்தான்.