அரசன் குப்புறப் படுத்த ஓடை

மேகங்கள் மலையில் இறங்கி இளைப்பாறிவிட்டுப் போன காலத்தில் நெடுங்குன்றன் என்று ஒரு ராஜா இருந்தான். நல்ல ராஜாதான், குறை சொல்லக் கூடாது. வரி குறைவு, நீதி தவறாது. ஆனால் ஒரு பொல்லாத ஆசை மட்டும் அவனை விடவில்லை. வேறெங்கும் இல்லாத பொருள் எதுவானாலும் தன் அரண்மனையில் இருக்க வேண்டும்.

அவன் நாட்டு மலையில் ஓர் ஓடை. மேலே ஓர் அருவி, கீழே ஓர் அருவி, நடுவே நூறடி தூரம் நீர். அந்த நூறடியில்தான் செவ்வரி மீன் வாழ்ந்தது. விரல் நீளம், வயிற்றோரம் குங்குமக் கோடு. மேல் அருவிக்கு மேலே தேடினாலும் கிடைக்காது. கீழ் அருவிக்குக் கீழே தேடினாலும் கிடைக்காது. ஏழு கடலைச் சலித்தாலும் கிடைக்காது.

ஓடைக்குக் காவல் சடைச்சி என்ற மலைக்குடிப் பெண். தினமும் உச்சிவேளையில் பாறைமேல் குப்புறப் படுத்து மீன்களை எண்ணுவாள். நிழல் விழுந்தால் மீன்கள் இடுக்கில் ஒளிந்துகொள்ளும், அதனால் நின்று எண்ண முடியாது. அப்போது முப்பத்தொன்பது மீன்கள் இருந்தன.

யாரோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் ராஜாவிடம் சொல்லிவிட்டார்கள். வந்தது வினை!

முதல் முறை சேவகர்கள் வந்து பத்து மீன்களை மண்பானையில் கொண்டுபோனார்கள். வழியிலேயே வெயிலில் தண்ணீர் சுட்டு, பத்தும் செத்தன.

இரண்டாம் முறை பத்து மீன்களைப் பெரிய செப்பு அண்டாவில், ஈரத்துணி போர்த்திக் கொண்டுபோனார்கள். உயிரோடு போய்ச் சேர்ந்தன. ஆனால் அரண்மனைக் குளத்தின் தேங்கிய நீரில் மூச்சுத் திணறிச் செத்தன.

மூன்றாம் முறை ராஜா யோசித்தான். குளத்தில் நீர் ஓட வாய்க்கால் வெட்டினான். ஓடைக் கற்களையே வண்டி வண்டியாக ஏற்றிவந்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அரண்மனை வேலைக்காரர்களுக்குச் சுத்தம் பெரிது அல்லவா? "மகாராஜா குளத்தில் வழுக்குப் பாசியா?" என்று கற்களைப் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டார்கள். அந்தப் பாசிதான் மீனுக்குச் சோறு! பளபளக்கும் கற்களுக்கு நடுவே அந்தப் பத்தும் பட்டினியில் செத்தன.

ஒவ்வொரு முறையும் சடைச்சி கெஞ்சினாள், யார் காதிலும் ஏறவில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் போல அழுதாள். இன்னும் ஒன்பது மீன்கள்தான் மிச்சம்.

இப்போது ராஜாவே பொற்குடத்தோடு மலையேறி வந்தான். "ஒன்பதையும் பிடியுங்கள்" என்றான்.

சடைச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"பிடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க ராசா. இதுவரைக்கும் ஓடையில வெச்சு நீங்க பார்த்ததே இல்லையே!"

உண்மைதான். ராஜா நின்று பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்த்தான், அப்போதும் தெரியவில்லை.

"குப்புறப் படுக்கணும் ராசா. கிரீடத்தைக் கழட்டி வைங்க, நிழல் விழுது."

ராஜா முறைத்தான். ஆனால் ஆசை யாரை விட்டது? கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஈரப்பாறையில் படுத்தான். சற்று நேரத்தில் ஒன்பது குங்குமக் கோடுகள் இடுக்கிலிருந்து வெளியே வந்தன. ஒன்று அவன் விரல்நுனியைக் கொத்திப் பார்த்தது. ராஜா குழந்தை போலச் சிரித்துவிட்டான்.

"இது எனக்கு வேண்டும். எனக்கு மட்டுமே வேண்டும்" என்றான்.

"இப்ப அது உங்களுக்கு மட்டும்தானே இருக்கு ராசா? வேற எந்த ராசாகிட்ட இருக்கு? குடத்துல போட்டீங்கன்னா செத்துப்போகும். அப்புறம் பக்கத்து நாட்டு ராசாகிட்டயும் இந்த மீன் இல்ல, உங்ககிட்டயும் இல்ல. ரெண்டு பேரும் சமம்!"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. பக்கத்து நாட்டு ராஜாவுக்குச் சமமாவதா? படுத்திருந்தபடியே வெகுநேரம் யோசித்தான். கொன்றுவிட்ட முப்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. எழுந்தபோது அவன் முகத்தில் வெட்கம் இருந்தது.

"கீழ் அருவியைத் தாண்டி இனி யாரும் குடத்தோடு வரக் கூடாது. வந்தால் சடைச்சி சொல்லும் தண்டனைதான் என் தண்டனை" என்று ஆணையிட்டான். பொற்குடத்தைக் காலியாகவே எடுத்துக்கொண்டு இறங்கினான்.

ஒன்பது பதினைந்தாயிற்று, பதினைந்து முப்பதாயிற்று, சில ஆண்டுகளில் சடைச்சிக்கு எண்ண இரண்டு உச்சிவேளை தேவைப்பட்டது.

பக்கத்து நாட்டு ராஜா கேள்விப்பட்டுப் பட்டத்து யானையோடு வந்தான். யானையைக் கீழ் அருவியில் நிறுத்திவிட்டுத் தானும் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குப்புறப் படுத்தான். பார்த்தவனுக்கு ஆசை தாங்கவில்லை.

"இரண்டே இரண்டு கொடுங்கள், பாதி நாட்டைத் தருகிறேன்!"

உடன் வந்திருந்த நெடுங்குன்றன் சடைச்சியைப் பார்த்தான். அவள் மீன்களை எண்ணத் தொடங்கிவிட்டாள். இந்த முறை பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான்.

"என்னிடம் இருப்பதே மீன் இல்லை ஐயா, இந்த நூறடி ஓடைதான். அது குடத்தில் கொள்ளுமா என்று பாருங்கள்" என்றான்.

ஆகவே கேட்டவர்களே, மனதில் வையுங்கள்: ஓரிடத்தில் மட்டுமே வாழும் உயிரை நம்முடையதாக வைத்துக்கொள்ள ஒரே வழி, அதை அந்த இடத்திலேயே வாழவிடுவதுதான்.