அதிரசத் தட்டும் கருப்பட்டியின் கிண்ணமும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், மலையடிவாரத்தில் ஏழூர் நாடு என்று ஒரு நாடு இருந்தது ஐயா. அதை ஆண்டவர் திருமேனிராயர். நல்ல மனுஷர்தான், ஆனால் எந்த நேரத்தில் என்ன புத்தி வரும் என்று அவருக்கே தெரியாது.

அன்றைக்கும் அப்படித்தான். கருப்பட்டி என்ற மூன்று மாதக் குட்டிநாய் சபை மண்டபத்தில் சோறு தின்னும்போது, சும்மா இருக்காமல் கிண்ணத்துக்குள் கையை விட்டார். குட்டி உர்ரென்று உறுமி விரலைக் கவ்விவிட்டது. பல் பட்டதே தவிர ரத்தம் வரவில்லை.

"ராஜத்துரோகம்!" என்று குதித்தார் சேனாதிபதி மல்லையர். "இப்போதே கொன்றுவிட வேண்டும் பிரபு!" அரண்மனை நாய்களைப் பார்க்கும் வேலை தன் மைத்துனனுக்குக் கிடைக்காமல் சடைச்சி என்ற பெண்ணுக்குப் போனதே என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு.

சடைச்சி ஓடிவந்து குட்டியின் முன்னால் நின்றாள். தாயில்லாத குட்டி, பஞ்சைப் பாலில் நனைத்து ஊட்டி வளர்த்தவள் அவள். ராஜாவின் பக்கத்தில் வெள்ளித் தட்டில் அதிரசம் இருந்தது. அதில் ராணிக்குக்கூட அவர் பங்கு தரமாட்டார், ஊருக்கே தெரியும்.

"அபயம் கொடுங்கள் மகாராஜா" என்று கேட்டாள். கொடுத்ததும் தட்டை நோக்கிக் கையை நீட்டினாள்.

"ஏய்! என்ன துணிச்சல்!" ராஜா தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நான் இன்னும் தொடக்கூட இல்லையே மகாராஜா. மடைப்பள்ளி முழுக்க உங்களுடையது, உங்களுக்கே இப்படிப் பதறுகிறதே! இந்தக் குட்டிக்கு இருப்பது ஒரே கிண்ணம். அது திமிர் இல்லை, பயம்."

சபையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். ராஜாவின் முகம் சிவந்தது. ஓர் அதிரசத்தை வாயில் போட்டு மென்றுகொண்டே, "பத்து நாள் தருகிறேன். பதினோராம் நாள் கிண்ணத்தின் அருகே வருவேன். உறுமினால் குட்டி கிடையாது" என்றார்.

சோறு வைத்தபின் சடைச்சி கிண்ணத்தைத் தொடவே இல்லை. குட்டி தின்னும்போது தூரத்தில் நின்று ஓர் இறைச்சித் துண்டை எறிவாள், போய்விடுவாள். மறுநாள் ஓரடி கிட்டே வருவாள். ஆள் வந்தால் சோறு போகாது, கூடத்தான் வரும் என்று அதற்குப் புரிய வேண்டுமே! மாலையில் வாலாட்டும். காலையில் சோறு வைத்துவிட்டு மற்ற நாய்களைப் பார்த்துத் திரும்பினால், மறுபடியும் உறுமல். ஆறு நாளும் இதே கதை. எங்கே தப்பு என்று தெரியாமல் அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. ஏழாம் நாளிலிருந்து குட்டியை விட்டு நகரவே இல்லை.

பதினோராம் நாள் ராஜா இறைச்சித் துண்டோடு வந்தார். துண்டு கிண்ணத்தில் விழுந்தது. கருப்பட்டி நிமிர்ந்து பார்த்து வாலை ஆட்டியது.

"அட!" என்றார் ராஜா.

மல்லையருக்குப் பொறுக்கவில்லை, முன்னால் வந்தார். குட்டி கிண்ணத்தின்மேல் கவிழ்ந்து படுத்து உறுமியது.

"பார்த்தீர்களா பிரபு!"

சடைச்சி குட்டியையும் மல்லையரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம்தான் ஏதோ உறைத்தது. "இதற்கு உங்களை முன்பே தெரியுமா ஐயா?"

"தெரியாமலா! யார் எஜமான் என்று காட்டத் தினமும் காலையில் கிண்ணத்தைப் பிடுங்கினேனே! நீ வந்து காவல் உட்காரும் வரைக்கும்..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ராஜா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மல்லையரே, இனிக் காலையும் மாலையும் நீரே இறைச்சி கொண்டுவாரும். என்றைக்கு உம்மைப் பார்த்து அது வாலாட்டுகிறதோ, அன்றைக்குச் சபைக்கு வந்தால் போதும்."

சடைச்சி குட்டியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ராஜா சேவகனிடமிருந்து அதிரசத் தட்டை வாங்கி அவள் பக்கம் நீட்டினார்.

"ஒன்று மட்டும் எடு" என்றார்.