எண்ணெய் குறையாத லாரி

சங்ககிரி லாரிப் பட்டறைகளில் ஐம்பத்தைந்து வயதில் தொழில் கற்க வந்த சீடர் செங்கோடன் ஒருவர்தான். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். ராத்திரியில் கண் மங்கத் தொடங்கியதும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு ஸ்பேனரைப் பிடித்தார். அவருடைய குரு தமயந்திக்கு முப்பத்தெட்டு வயது. அவர் அவளை 'அம்மிணி' என்பார். அவள் அவரை 'அண்ணா' என்பாள். மற்றபடி பட்டறையில் அவள் சொன்னதுதான் சட்டம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், சொந்த வண்டி ஓட்டும் மாரப்பனின் லாரி திரும்பி வந்தது. ஆயில் பிரஷர் குறைகிறதென்று இரண்டு மாதம் முன்பு வந்த வண்டி. செங்கோடன் முதன்முதலாகத் தன் கையால் எஞ்சினை இறக்கி, பேரிங் எல்லாம் மாற்றி, புது ஆயில் பம்ப் போட்டு, புது எண்ணெய் ஊற்றி அனுப்பிய வண்டி. அன்றைக்கு மீட்டர் முள் ஜம்மென்று ஏறி நின்றது. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்போது எஞ்சின் சூடானதும் அதே முள் படுத்துவிடுகிறதாம்.

மாரப்பன் கோபப்படவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு பட்டறைக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போவதாக மட்டும் சொன்னார். ஆனால் வண்டியைக் குறை சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"ஏழு லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டிங்க. ஒரு சொட்டு ஆயில் குடிக்கறதில்ல. தெனம் காத்தால ஆயில் அளவுக் கம்பிய உருவிப் பாக்கறேன், நின்ன எடத்துலயே நிக்குது."

செங்கோடனுக்கும் அதைக் கேட்க இதமாகத்தான் இருந்தது. ஓட்டுநராக இருந்த காலத்தில் டீக்கடை டீக்கடையாக அவரும் இதே பீற்றலைப் பீற்றியவர்தான்.

மீட்டர்மேல் சந்தேகப்பட்டு வேறொன்றை மாட்டிப் பார்த்தார். அதுவும் அதையேதான் காட்டியது. ஃபில்டரில் அடைப்பில்லை. கீழே எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிச் சல்லடையைப் பார்த்தார். அதிலும் அடைப்பில்லை. தொட்டியை மாட்டி, வடித்த எண்ணெயையே திரும்ப ஊற்றினார். இனி எஞ்சினை மறுபடி பிரிப்பதுதான் பாக்கி. தமயந்தியிடம் போய் நின்றார்.

"எல்லாத்தையும் மாத்திட்டேன் அம்மிணி. அப்புறமும் ஏன் பிரஷர் நிக்க மாட்டேங்குது? இன்னிக்கு இது தேறலீன்னா நான் ஸ்பேனரக் கீழ வெச்சுடறேன்."

"உக்காருங்ணா. மோர் குடிங்க."

சின்னத் தூக்குப்போசியிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். கெட்டி மோர். அவர் குடித்து முடிப்பதற்குள் ஒரு டம்ளர் தண்ணீரைப் போசிக்குள் ஊற்றினாள். இன்னொரு டம்ளர் கொடுத்தாள். மறுபடி தண்ணீர். வேலை கெடுகிறதே என்று மனதுக்குள் நொந்துகொண்டே அவரும் குடித்தார். நான்காவது டம்ளரில் முகத்தைச் சுளித்தார்.

"என்ன அம்மிணி, வெறும் தண்ணியா இருக்குது."

"போசியப் பாருங்ணா. நெறைஞ்சுதான் இருக்குது."

செங்கோடன் போசியைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். டம்ளரை வைத்துவிட்டு ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக் கூடாது.

கம்பியை உருவினார். இந்த முறை அளவைப் பார்க்கவில்லை. எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தார். பிசுபிசுப்பே இல்லை. மோந்து பார்த்தார். டீசல் வாடை. அத்தனை ஓடிய எஞ்சின் எண்ணெயைக் குடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. குடித்த இடத்தை எங்கிருந்தோ டீசல் வந்து நிரப்பியிருக்கிறது. அப்படி நீர்த்த எண்ணெயில் பிரஷர் எப்படி நிற்கும்? போன தடவை வடித்த எண்ணெயை ஒருமுறை தொட்டுப் பார்க்கக்கூடத் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எஞ்சினைப் பிரிக்கவில்லை. மேல்மூடியை மட்டும் கழற்றினார். மிச்ச டீசலைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்ப உள்ளே ஓடும் ரிட்டன் குழாயின் முனையில், சட்டைப் பொத்தான் அளவு செம்பு வாஷர் ஒன்று விரிசல் விட்டுக் கசிந்துகொண்டிருந்தது. மாற்றினார். குழாயில் காற்றடித்து, சொட்டுக்கூடக் கசியவில்லை என்று பார்த்த பிறகே மூடினார். பழைய எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றினார்.

மூன்று மணிக்கு எஞ்சின் உறுமியது. ஒரு மணி நேரம் சூடாக்கினார்கள். முள் நாலில் ஏறி நின்றது. ஆக்சிலேட்டரை விட்டபோதும் அது படுக்கவில்லை. செங்கோடனுக்குக் கண் கலங்கிவிட்டது. மாரப்பன் அடித்த ஹாரனில் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

மூன்று மாதம் கழித்து மாரப்பன் வாடிய முகத்தோடு வந்தார்.

"வண்டி ஆயில் குடிக்குதுங்க அம்மிணி. ஒண்ணரை லிட்டர் கொறைஞ்சு போச்சு."

பிரஷர் எப்படி என்று தமயந்தி கேட்டாள். மலை ஏறினாலும் முள் அசையவில்லை என்றார். அவள் தலை நிமிராமல் செங்கோடனைக் கை காட்டினாள்.

செங்கோடன் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக எழுந்தார். போசியைத் திறந்தார். பாதிதான் இருந்தது. மாரப்பனுக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். கெட்டி மோர்.

"கொறைஞ்சா ஊத்திக்கோங்க" என்றார். "கொறையாம இருந்தா என்னயக் கூப்புடுங்க."