கறை என்று எழுதிய செல்

மருத்துவர் சிவசைலம் ஐம்பத்து நாலு வயதில் மறுபடி மாணவரானார். மதுரையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அவருக்கு ஆசிரியராக வாய்த்த பேராசிரியர் பியாட்ரிஸ் அவரைவிடப் பதினோரு வயது இளையவர்.

"இந்த வயசுல எதுக்கு வந்தீங்க, டாக்டர்?" என்று முதல் நாளே கேட்டார் பியாட்ரிஸ்.

"ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரியணும், மேடம்."

கோவில்பட்டியில் பிளவுஸ் தைத்துப் பிழைத்தவள் பேச்சியம்மாள். மூன்று வருடத்துக்கும் முன்னால், உடலே தன் நரம்பைத் தாக்கிக்கொள்ளும் நோயோடு சிவசைலத்திடம் வந்தாள். அப்போது அவர் பொறுப்பில் புது மருந்து ஒன்றின் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஆன்டிபாடிதான் நரம்பைத் தாக்குகிறது, அந்த ஆன்டிபாடியை உண்டாக்கும் பிளாஸ்மா செல்களை ஒழித்துவிட்டால் நோய் தணியும் என்று எல்லாரும் நம்பினார்கள். தயங்கி நின்ற பேச்சியம்மாளைப் பேசிப் பேசிக் கையெழுத்துப் போட வைத்தவர் சிவசைலம்.

மூன்றாம் மாதம் நோய் சீறிக்கொண்டு கிளம்பியது. சோதனையை நிறுத்தினார்கள். அதற்குள் கண் நரம்பு கெட்டு அவளுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் மங்கலாக ஏதோ தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் அவளைப் பார்க்கப் போகவே இல்லை.

"கெடுதல் செய்ற செல்லைத்தானே அழிச்சேன்? நோய் ஏன் கூடுச்சு?" என்று பியாட்ரிஸிடம் கேட்டார் சிவசைலம்.

பியாட்ரிஸ் ஸ்லைடுகள் இருந்த பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

"எண்ணுங்க."

மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த செல்கள். பச்சைச் சாயம் ஏறியிருந்தால் அது பிளாஸ்மா செல். சிவப்பு ஏறியிருந்தால் உள்ளே இன்டர்லூக்கின்-10 இருக்கிறது. சண்டைக்கு நிற்கும் மற்ற செல்களை அடங்கச் சொல்லும் மூலக்கூறு அது.

நாலாம் நாள் சிவசைலம் மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார்.

"சில பச்சை செல்லுக்குள்ள சிவப்பும் தெரியுது, மேடம். சாயம் வழிஞ்சிருக்கும்."

"புதுசாச் செஞ்சு பாருங்க."

செய்தார். சிவப்பு இருந்தது. மூன்றாம் முறையும் இருந்தது.

"இப்ப அழற்சியைத் தூண்டிவிட்டுப் பாருங்க."

தூண்டிவிட்டார். சிவப்பு ஏறிய செல்கள் கூடின. தூண்டுதலை எடுத்ததும் குறைந்தன.

"சண்டை முத்துறப்போ இதுங்களே அடக்கவும் செய்யுது."

"ஆமா."

"எல்லா பிளாஸ்மா செல்லுமா?"

"இல்ல. கொஞ்சம்தான்."

"அந்தக் கொஞ்சத்தையும் சேத்துல்ல நான் அழிச்சிட்டேன்."

சிவசைலம், யாராவது ஒரு வார்த்தை ஆறுதல் சொல்ல மாட்டார்களா என்பதுபோலக் கேட்டார்:

"அன்னைக்கு இது யாருக்குமே தெரியாதுதானே, மேடம்?"

பியாட்ரிஸ் எழுந்து போய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்துவந்து பிரித்து வைத்தார். பியாட்ரிஸின் கையெழுத்துதான். 'பிளாஸ்மா செல்களில் சிவப்பு. நூற்றுக்கு ஆறு. சாயக் கறை. விலக்கப்பட்டது.'

சிவசைலம் தேதியைப் பார்த்தார். அவருடைய சோதனைக்கு நாலு வருடம் முந்தைய தேதி.

"ஏன் மறுபடி செஞ்சு பாக்கல?"

"பிளாஸ்மா செல்லுக்கு ஆன்டிபாடி செய்றதைத் தவிர வேற வேலை இல்லைன்னு வருஷா வருஷம் வகுப்புல சொல்லிக்கிட்டு இருந்தேன், டாக்டர்."

"எப்ப புரிஞ்சுது?"

"உங்க சோதனை நின்னுபோச்சுன்னு படிச்ச அன்னைக்கு. அன்னைக்குத்தான் இந்த நோட்டைத் தேடி எடுத்தேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல. இப்ப உங்ககிட்டதான்."

சிவசைலத்துக்குக் கோபம் பொங்கி வந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். எதைச் சொல்லித் திட்டுவது? ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒருத்தியை மூன்று வருடமாகப் போய்ப் பார்க்காதவர் அவர். மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"பேச்சியம்மாள் வீடு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் பியாட்ரிஸ்.

மறுநாள் காலை இருவரும் பஸ் ஏறினார்கள்.

பேச்சியம்மாள் வாசலோரம் உட்கார்ந்து, விரலால் தடவித் தடவி ஒரு பிளவுஸுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். சிவசைலம் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஊசி நின்றது.

"டாக்டர் சாரா? குரல்தான் தெரியுது. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எந்தச் செல், அது என்ன செய்துகொண்டிருந்தது, மருந்து அதை என்ன செய்தது.

"அப்ப அதுல கொஞ்சம் என்னைக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கு."

"ஆமாம்மா."

"வேற யாருக்கும் அந்த மருந்தைக் குடுத்துராதீங்க, சார்."

"குடுக்க மாட்டோம்."

அவள் நூலை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"என் கண்ணு வருமா?"

சிவசைலம் பியாட்ரிஸைப் பார்த்தார்.

"வராதும்மா," என்றார் பியாட்ரிஸ்.

"நீங்க யாரு?"

"இவருக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறவ."

"வராதுன்னு சொல்லவா ரெண்டு பேரும் இம்புட்டுத் தூரம் வந்தீக?"

பியாட்ரிஸ் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"இல்லம்மா. உங்க டாக்டர் தெரியாமக் குடுத்தாரு. நான் முன்னாடியே கண்ணால பாத்தேன். பாத்துட்டுச் சொல்லாம விட்டுட்டேன். யாரைத் திட்டணும்னு உங்களுக்குத் தெரியணும்ல?"

பேச்சியம்மாள் திட்டவில்லை. சிவசைலம் மெல்ல ஆசிரியரின் பக்கத்தில் உட்கார்ந்தார்.