ரத்தத்தில் ஏறாத மாத்திரை

மருந்தியல் பேராசிரியர் மெஹர்பானுவிடம் அவருடைய ஆராய்ச்சி மாணவன் சூசைமாணிக்கம் ஓடி வந்தான். கையில் ரத்தப் பரிசோதனைத் தாள். பெருமையில் கால் தரையில் பாவவில்லை.

"மேடம், நம்ம திரவம் ஜெயிச்சிருச்சு! வெள்ளைத்தாய் ரத்தத்துல மருந்து நல்லா ஏறியிருக்கு."

வெள்ளைத்தாய், நுரையீரலில் பூஞ்சை நோய் வந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தவர். அவருக்கான மருந்து தண்ணீரில் கரையாது. அதை எண்ணெயில் கரைத்து, அந்த எண்ணெயைக் கண்ணுக்கே தெரியாத துளிகளாக உடைத்துத் தண்ணீரில் கலந்திருந்தான் சூசை. மூன்று வருட உழைப்பு.

"அதுக்கு முன்னாடி மாத்திரை சாப்பிட்டப்ப ரத்தத்துல எவ்வளவு இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்ல மேடம். பதினோரு நாளும் மாத்திரையைத் துப்பியிருக்கா. நான் போட்ட சத்தத்துலதான் வழிக்கு வந்தா."

பேராசிரியர் ஒரு மாத்திரையைப் பொடித்து, டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினார். காத்திருந்தார். பொடி அப்படியே அடியில் போய் உட்கார்ந்தது.

"வார்டுல மத்த நோயாளிங்களுக்கு மாத்திரையே ஓரளவு ஏறுச்சே மேடம்?"

"அவங்க என்ன சாப்பிட்டாங்க?"

"இட்லிப் பொடியில நல்லெண்ணெய். முட்டை."

"வெள்ளைத்தாய்?"

சூசை டம்ளரின் அடியைப் பார்த்தான். "வெறும் கஞ்சி. வேற எதுவும் அவங்களுக்கு எறங்கல."

எண்ணெய்ப் பசையே இல்லாத வயிற்றில் இந்த மாத்திரை ஏறாது என்று மூன்று கருத்தரங்குகளில் பேசிக் கைதட்டு வாங்கிய புத்திசாலி அவன்தான்.

"சத்தம் போட்டேன்னியே. என்ன சொன்ன?"

"பொய்க்காரின்னு சொன்னேன். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். 'முழுங்கிட்டேன் தம்பி, சத்தியமா முழுங்கிட்டேன்'னு அழுதாங்க. அதையும் நடிப்புன்னேன்."

சூசைக்குக் காதெல்லாம் சுட்டது. கையிலிருந்த தாளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. செத்துவிடலாம்போல இருந்தது.

"அதுக்கப்புறம் வார்டுல யாரும் அவங்ககிட்ட முகங்கொடுத்துப் பேசறதில்ல மேடம். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்க. அதுக்குள்ள மன்னிப்புக் கேட்டிடணும்."

"கேளு."

"கட்டிலைச் சுத்தித் திரையை இழுத்துவிட்டு, மெதுவாச் சொல்லிடறேன்."

பேராசிரியர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"திட்டும்போது இழுத்துவிட்டியா?"